லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில்

ஹெல்மெட் வாரை மாட்டியபின் தாடைக்கும் வாருக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். பெரும்பாலானவர்கள் முழுக் கையும் போகிற அளவுக்குத் தளரவிட்டு, மாட்டியாயிற்று என்று கிளம்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை காலைகளில், பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில் பெரியவர்களுக்கு நான் நடத்தும் சைக்கிள் வகுப்பில் முதல் பாடம் இதுதான். அடுத்தது, கை காட்டாமல் திரும்பக் கூடாது. லாரிப் பாடம் கடைசியில் வரும்.

என் மனைவியின் தங்கை கணவர், என் சகலை, வகுப்பில் சேர்ந்தது டாக்டர் சொல்லித்தான். நடக்க வேண்டும், இல்லாவிட்டால் சைக்கிளாவது ஓட்ட வேண்டும் என்றாராம். நடக்க அவருக்குச் சோம்பல்.

அவர் மோசமானவர் இல்லை. கலகலப்பான ஆள். மாமனார் வீட்டுக்குள் அவர் நுழைந்தால் ஆளுக்கு ஆள் எழுந்து நாற்காலி போடுவார்கள். என்னைக் கண்டதும், "வாங்க வாத்தியாரே, இன்னைக்கு எத்தனை தாத்தாவுக்கு மணி அடிக்கக் கத்துக்கொடுத்தீங்க?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே ஜோக்தான். எனக்குக் கோபம் வந்ததே இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

லாரிப் பாடத்துக்குக் குப்பை லாரி ஒன்றை வரவழைப்போம். ஒவ்வொருவராக டிரைவர் சீட்டில் ஏற்றி உட்காரவைத்து, மற்றவர்களை லாரியின் இடது பக்கம், ரோட்டில் நடைபாதை வரும் பக்கம், சைக்கிளோடு நிற்கவைப்பேன். மேலேயிருந்து பார்த்தால் ஒருவரும் தெரியமாட்டார்கள். கண்ணாடியில் வெறும் தரைதான் இருக்கும். சிக்னலில் நிற்கும் லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவில் எந்தக் காலத்திலும் நுழையாதீர்கள், பின்னாலேயே நில்லுங்கள் என்று அப்போது சொல்வேன். அங்கே ஏறிப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை.

லாரிப் பாடத்தன்று சகலை தாமதமாக வந்தார். மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டார்கள். லாரி டிரைவர் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சகலை, ஒரு சந்தேகம். சிக்னல்ல முன்னாடி லாரி நின்னா என்ன பண்றது?"

கேலி இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"ஓரமா கொஞ்சம் இடம் இருக்கும். அதுல புகுந்து முன்னாடி போயிடுங்க," என்றேன். "பின்னாடி நின்னா புகையைத்தான் குடிக்கணும்."

"அப்படியா? பயமா இருக்குமே."

"நான் சொல்றேன்ல."

சொல்லும்போது எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்சு படபடக்கவில்லை. என் பேச்சை அவர் என்றைக்கும் காதில் போட்டுக்கொண்டதில்லை. இதையும் போட்டுக்கொள்ளமாட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படிப் பார்த்தால் நான் அவருக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை.

சில வாரம் கழித்து மார்க்கெட் சிக்னலில் ஒரு சிமென்ட் லாரி நடைபாதைப் பக்கமாகத் திரும்பியது. அவர் நடுவில் இருந்தார். ஹெல்மெட் வார் சரியான இறுக்கத்தில் இருந்தது.

வீட்டில் கொழுந்தியாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அத்தான், உங்களைப் பத்திதான் அவர் எப்பவும் பேசுவார். என்னதான் கிண்டல் பண்ணாலும், ரோட்டு விஷயத்துல சகலை சொன்னா அதுக்கு அப்பீலே கிடையாதுன்னு சொல்வார்." அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. யாரோ டிவியை அணைத்தார்கள்.

மருத்துவமனையில் நான் உடலை அடையாளம் காட்டியபோது, இன்ஸ்பெக்டர் சார், ஆறுதலாக நீங்கள்தான் சொன்னீர்கள்: "பாவம், சரியா ஓட்டத் தெரியாதவர் போல. லாரிக்குப் பக்கத்துல தடுமாறியிருக்கார்." அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அதற்காகத்தான் வந்தேன். லாக்கப்பில் இருக்கும் சிமென்ட் லாரி டிரைவருக்காக வரவில்லை. கொழுந்தியாளுக்காகவும் வரவில்லை.

அவருக்கு ஓட்டத் தெரியும். அன்று மைதானத்தில் குப்பை லாரியை ஒட்டி நான் காட்டிய இடைவெளி குறுகல் என்று முதலில் பயந்தார். பாதியிலேயே காலை ஊன்றி நின்றுவிட்டார். நான் டிரைவருக்கு இன்னொரு டீ வாங்கிக்கொடுத்து லாரியை அங்கேயே நிறுத்திவைத்தேன். சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். யோசிக்காமல் உள்ளே நுழைகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தேன். கடைசித் தடவை அவருக்குத் தெரியாமல் கையை எடுத்துவிட்டேன். கோடு போட்ட மாதிரி நேராகப் போனார். மறுமுனையில் இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தடுமாறினார் என்று மட்டும் எழுதாதீர்கள். என்னிடம் படித்தவர்கள் யாரும் தடுமாறுவதில்லை.