பீடா தூக்கிய தாக்கூர்

எனக்குத் தேநீர் ஒத்துக்கொள்வதில்லை, துரை. தொண்டை வறண்டுவிடும். அதிமதுரத் துண்டு ஒன்றைக் கடைவாயில் அடக்கிக்கொண்டால் போதும், நாள் முழுக்கப் பேசலாம். பதினெட்டு வருடமாக இந்தத் தொண்டையை வைத்துத்தான் பிழைத்தேன். தேவல்கட் சமஸ்தானத்தில் ஏஜென்ட் பங்களா முன்ஷி என்றால் இந்த ஹர்விலாஸ் மாத்தூர்தான். ஏஜென்ட் துரை பேசுவதை எங்கள் ராஜா மகாராவலுக்கும், மகாராவல் பேசுவதைத் துரைக்கும் சொல்வது என் வேலை. நீங்கள் எங்கள் மொழியில் பரீட்சை எழுதித் தேறி வந்தவர். உங்களுக்கு முன்னால் இருந்த மேஜர் விட்காமுக்கு எங்கள் மொழியில் நான்கு சொற்கள் தெரியும். கொண்டு வா, சீக்கிரம், வாயை மூடு, போ. அந்த நான்கையும் வைத்துக்கொண்டே பதினோரு வருடம் ஒரு ராஜ்ஜியத்தை மேய்த்துவிட்டார்.

மகாராவல் உதோத் சிங் அவருக்கு ஒரு படி மேல். இங்கிலீஷ் படிப்பது குலத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர். சூரியனிடமிருந்து இறங்கி வந்த வம்சமாம். ஆனால் சர்க்கார் மரியாதையாகப் பக்கத்து ராஜாவுக்குப் பதின்மூன்று பீரங்கி வெடி, தனக்குப் பதினொன்றுதான் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சூரியனின் பேரனை இரண்டு வெடியில் நோயாளியாக்கிவிட்டார்கள்.

இந்த இருவரும் பேசியதை அப்படியே சொல்லியிருந்தால் முதல் மாதமே ரத்தக்களறி ஆகியிருக்கும். ஒருமுறை சாலை போடக் கல் வரவில்லை. விட்காம் என்னிடம், "அந்த நகைக்கடை பொம்மைகிட்ட சொல்லு, கல்லு வரலைன்னா அவன் அரண்மனையை இடிச்சு எடுத்துக்குவேன்" என்றார். அரண்மனையின் கல்வேலையைத் துரை மிகவும் மெச்சுகிறார், சாலைக்கும் அதே தரத்தில் கல் கிடைத்தால் மகிழ்வார் என்று நான் சொன்னேன். மகாராவல் மீசையைத் தடவிக்கொண்டு, "செம்மூஞ்சிக்குக் கல்லுதானே வேணும்? தலையில போடுற மாதிரி ஒண்ணு அனுப்பறேன்னு சொல்லுய்யா" என்றார். பொறுக்கியெடுத்த கல்லாகவே அனுப்புவதாகச் சொல்கிறார் என்றேன். இருவரும் தலையசைத்துக்கொண்டார்கள். நீங்கள் நேற்று குதிரையில் வந்தது அந்தச் சாலைதான்.

பிறகு பூட்ஸ் விவகாரம் வந்தது. தர்பாரில் வெள்ளை விரிப்பின் மேல் செருப்போடு யாரும் கால் வைப்பதில்லை. விட்காமோ பூட்ஸைக் கழற்ற மாட்டேன் என்றார். ஆறு மாதம் கடிதம் போயிற்று, வந்தது. விட்காமுக்கும் மேலதிகாரியாக மலைமேல் இருக்கும் பெரிய துரைவரை கோப்பு ஏறியது. கடைசியில் நான்தான் தீர்த்து வைத்தேன். துரைக்குக் காலில் வாதநோய், காற்றுப் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று மகாராவலிடம் சொன்னேன். தங்கள் அந்தஸ்தை மதித்து, தாங்கள் பூட்ஸோடு வர மகாராவல் சம்மதித்துவிட்டார் என்று துரையிடம் சொன்னேன். ஒருவர் இரக்கப்பட்டார், ஒருவர் பெருமைப்பட்டார். ஒரு வாரத்தில் முடிந்தது.

மகாராவலின் இரக்கம்தான் வினையாயிற்று. மாதாமாதம் வெள்ளிச் சிமிழில் வைத்தியர் காய்ச்சிய வாதக் களிம்பைப் பங்களாவுக்கு அனுப்ப ஆரம்பித்தார். இது என்ன என்று விட்காம் கேட்டார். அரண்மனையில் தோல் சாமான்களுக்குப் போடும் மெருகு என்றேன். ஐந்து வருடம் அதைத்தான் பூட்ஸுக்குத் தேய்த்தார்கள். பளபளப்பு நன்றாகவே இருந்தது.

தாக்கூர் அகே சிங் என்று ஒருவர். பத்துக் கிராமத்துக்குச் சொந்தக்காரர். பிடிவாதமும் நேர்மையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவர். பட்டாளத்துக்குக் குதிரை பழக்கிக் கொடுத்ததில் குதிரையைப் பற்றிய இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் தெரியும். பல், குளம்பு, கழுத்து, சேணம், அவ்வளவுதான். அவர் விட்காமோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனபோது, துரை பூட்ஸைக் கழற்றிவிட்டு ஓடையில் குதித்து நடப்பதைப் பார்த்திருக்கிறார். கரையில் வேலையாள் வெள்ளிச் சிமிழைத் திறந்து பூட்ஸுக்குத் தேய்ப்பதையும் பார்த்திருக்கிறார். மோந்து பார்த்தார். திரும்பி வந்து மகாராவலிடம் சொல்லிவிட்டார்.

எனக்கு இது தெரிய வந்தது தசரா தர்பாரில்தான். பங்களாவின் சார்பில் அன்று நான் மட்டும் போயிருந்தேன். வாழ்த்து சொல்லி முடிப்பதற்குள் மகாராவல் கையை உயர்த்தினார். "முன்ஷி, அந்தக் களிம்பு இன்னும் மிச்சம் இருந்தா உன் நாக்குக்குத் தேய்ச்சுக்கோ. புளுகிப் புளுகி அதுக்குத்தான்யா வாதம் வந்திருக்கும்" என்றார். சபை சிரித்தது. பின்வரிசையில் சாமரம் வீசுகிறவன்கூடச் சிரித்தான். நான் வருத்தப்படவில்லை. நானும் புன்னகைத்தேன் என்றுதான் நினைவு.

அப்புறம் ஒரு வெள்ளித் தட்டைச் சபை நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள். தட்டில் ஒரே ஒரு பீடா.

வெற்றிலைச் சுருள் உங்களுக்குத் தெரியும். விருந்தாளி கிளம்பும்போது கையில் கொடுத்தால், போய் வாருங்கள் என்று அர்த்தம். சபை நடுவில் தட்டில் வைத்தால் அர்த்தம் வேறு. ஆபத்தான காரியம் ஒன்று இருக்கிறது, துணிந்தவன் தூக்கு என்று பொருள். தூக்கியவன் காரியத்தை முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் முடிய வேண்டும். பழைய காலத்தில் எதிரியின் தலைக்குத்தான் பீடா வைப்பார்கள். தூக்கிய பீடாவை எந்த ரஜபுத்திரனும் இல்லை என்று மறுக்க மாட்டான். மறுத்தால் வீட்டுப் பெண்கள்கூட அவனுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள்.

அன்று வைத்த காரியம் அவ்வளவு பெரியதல்ல. ஏஜென்டைத் தாண்டி ஒரு சமஸ்தானம் மேலே புகார் அனுப்பக்கூடாது என்பது சட்டம். கொண்டுபோகிறவன் பிடிபட்டால் நிலம் போய்விடும். மகாராவல் எல்லோரையும் பார்த்து, "மலைக்குப் போய்ப் பெரிய துரைகிட்ட நேர்ல சொல்லணும். இந்தத் துரையை இங்கேயிருந்து தூக்கணும். அவனோட நாக்கையும் சேர்த்துத் தூக்கணும்" என்றார். நாக்கு என்றது என்னைத்தான். அகே சிங் எழுந்து வந்து பீடாவைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டார். மெல்லும்போது என்னைப் பார்த்தார்.

அடுத்து நான் செய்ததை, வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என நினைக்காதீர்கள். எனக்கு வேலையைவிடச் சமாதானம் பெரியது. நான் போய்விட்டால் இவர்கள் இருவரும் ஒருவர் பேசுவதை ஒருவர் உண்மையிலேயே கேட்க நேரும். அதை யாரால் தாங்க முடியும்?

பங்களாவுக்குத் திரும்பி விட்காமிடம் நடந்ததைச் சொன்னேன். தங்கள் விஷயமாக இன்று தர்பாரில் பீடா வைத்தார்கள், அகே சிங் தூக்கினார், பழைய காலத்தில் இது தலைக்கு வைப்பது என்றேன். மூன்றும் உண்மை. "என்னைக் கொல்லவா?" என்று கேட்டார். அவர்கள் மனசில் இருப்பதை மொழிபெயர்க்க எனக்குத் திறமை போதாது என்றேன். பதினோரு வருடத்தில் முதன்முறையாக அவர் என்னை உட்காரச் சொன்னார்.

மறுநாள் மலைப்பாதைச் சுங்கச்சாவடியில் அகே சிங்கைப் பிடித்தார்கள். இடுப்பில் வாளும் கைத்துப்பாக்கியும் இருந்தன. எந்தத் தாக்கூர் இடுப்பில் இல்லை? தலைப்பாகைக்குள் ஒரு துண்டுக் கடிதம் இருந்தது. வழியில் சிக்கினால் ஆபத்து என்று யாருக்கு எழுதியது, யார் எழுதியது என்று இரண்டையும் போடாமல் விட்டிருந்தார்கள். ஜாக்கிரதையாக இருந்துவிட்டார்களாம். 'இவர் பீடா தூக்கியவர். துரையை இங்கிருந்து தூக்க வேண்டும். உதவி செய்கிறவர்களை மறக்க மாட்டோம்.' இவ்வளவுதான் கடிதம்.

நீங்கள் கோப்பில் படித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பியது அந்தக் கடிதத்துக்காகத்தான் என்று தெரியும். எங்கள் பேச்சில் இதற்கெல்லாம் ஒரே சொல்தான். பீடாவைத் தூக்குவோம், அதிகாரியைப் பதவியிலிருந்து தூக்குவோம், ஆளை உலகத்திலிருந்தும் தூக்குவோம். உங்கள் மொழியில் மூன்றுக்கும் மூன்று சொல். மொழிபெயர்ப்பில் ஒன்றைத்தான் எழுத முடியும். மூன்றாவதை எழுதினேன்.

மூன்று துரைமார் உட்கார்ந்து விசாரித்தார்கள். மேஜர் விட்காமைக் கொல்ல உறுதி எடுத்தாயா என்று கேட்டார்கள். துரையைத் தூக்கப் பீடா தூக்கினாயா என்று நான் கேட்டேன். "தூக்கினேன். இன்னொரு தடவை வெச்சாலும் தூக்குவேன்" என்றார் அகே சிங். இந்தப் பதிலில் நான் ஒரு எழுத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்டதற்கு மட்டும் பதில் போதும் என்று கோர்ட்டு சொல்வதாகச் சொன்னேன். மரியாதை தெரிந்த மனிதர், நிறுத்திக்கொண்டார். மகாராவலையும் அரண்மனையிலேயே காவலில் வைத்திருந்தார்கள்; அங்கிருந்து அவர் விளக்கம் எழுதி அனுப்பினார். அதுவும் மொழிபெயர்ப்புக்கு என் மேசைக்குத்தானே வர வேண்டும்? நிறைய எழுத்துப்பிழை. இன்னும் இழுப்பறையில்தான் இருக்கிறது, நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். அவரைப் பட்டத்திலிருந்து இறக்கிக் காசிக்கு அனுப்பினார்கள். போகும்போது எத்தனை வெடி என்று கேட்டாராம். ஒன்றும் இல்லை என்றார்கள்.

விட்காமுக்கு ஒரு பதக்கம் கிடைத்தது. உயிர் தப்பியதற்கு.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, கோப்பிலும் இருக்காது. தீர்ப்பை இங்கிலீஷில் வாசித்தார்கள். நான் சொல்வதற்கு முன்பே அகே சிங் தன் கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்தார். தீர்ப்பில் வந்த கழுத்து என்ற அந்தச் சொல் அவருக்குத் தெரியும், குதிரைக்காரர் அல்லவா. கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா என்று துரைமார் கேட்டார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். கோபமில்லை. குரலும் உயரவில்லை.

"முன்ஷிஜி, இது ஒண்ணை மட்டும் நேரா சொல்லுங்க. நான் கொண்டுபோனது வெறும் புகாருங்க. துரையை வேற ஊருக்கு மாத்தச் சொல்லித்தான் போனேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு. சொல்லுவீங்கதானே?"

சொல்கிறேன் என்று தலையசைத்தேன். மூவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குற்றவாளி தீர்ப்பை ஏற்கிறார், நியாயமாக விசாரித்ததற்கு இந்த நீதிமன்றத்துக்கு நன்றி சொல்கிறார் என்றேன்.

நடுவில் இருந்த துரைக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாக எழுந்து நின்றார். மற்ற இருவரும் எழுந்தார்கள். தேவல்கட்டில் ஒரு தாக்கூருக்காக வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. மகாராவலுக்கே அந்த மரியாதை கிடைத்ததில்லை. அகே சிங் அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பித்தான் வெளியே நடந்தார். சாகப் போகிறவருக்கு அவ்வளவு நிம்மதியை வேறு யார் கொடுத்திருக்க முடியும், சொல்லுங்கள்.