மான் வாயில் இருந்த கொத்து

இல்ல சார், நான் நேர்ல பாக்கல. படகோட்டுற மத்தெங்கு சொன்னதுதான். அவரும் பாதி சொல்லுவாரு, மீதிக்கு இருமிக்கிட்டே எழுந்து போயிடுவாரு. அதனாலதான் நீங்க படகு வேணும்னதும் கொஞ்சம் யோசிச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க.

உக்காருங்க. மேனேஜர் கட்டிமா முலிலோவுக்கு டீசல் வாங்கப் போயிருக்காரு. வேட்டைக்கு வர்றவங்க பயணத்தை எல்லாம் நான்தான் போட்டுக் குடுக்கறது. பேரு நஸிலேலே. தலைநகரம் விண்ட்ஹூக்ல படிச்சேன். எங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு. அதனால எதையும் ரெண்டு தடவ சரிபாக்காம விடமாட்டேன். பயம்தான் சார், வேற என்ன.

சரி, இந்த நமீபியாக் கரையில ஒரு லீச்வே மான். அப்புறம் எல்லை தாண்டி போட்ஸ்வானாவுல ஒரு ஜெம்ஸ்பாக் மான். அதானே? நல்லா போட்டுடலாம். ஆனா ஆத்து வழியா வேணாம் சார். ங்கோமா பாலத்து வழியா போவோம். துப்பாக்கிக்கு அங்கேயே முத்திரை வாங்கிடலாம்.

படகுதான் சுருக்குவழின்னு சொல்றீங்க. அத்திமரத்துத் துறையில ஏறினா போதும்னு வேற சொல்றீங்க. அந்தப் பேரு எங்க ஆளுங்க வாயில மட்டும்தான் சார் இருக்கு. எந்த மேப்லயும் போட்டதில்ல. இந்தப் பக்கமே மொதத் தடவன்னீங்களே. யாரோ சொன்னாங்களா. சரி, சொல்லியிருப்பாங்க.

எங்க நாயும் உங்களப் பாத்துக் குலைக்கல. புது ஆளுன்னா தொண்ட கிழியக் கத்தும். இன்னிக்கு என்னமோ வாலாட்டுது.

போனையே பாக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. சிக்னல் வந்து வந்து போகுது. டீ இன்னும் ஒரு கப்? பில்டாங் கறி இருக்கு, போன வாரம் உப்புப் போட்டுக் காயவெச்சது. மெல்ல சாப்பிடுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

அந்தக் கதையா? போன குளிர் காலத்துல ஒருத்தர் வந்திருந்தாரு. நான் அப்ப பரீட்சைக்கு விண்ட்ஹூக்ல இருந்தேன், ஆள பாத்ததில்ல. லீச்வேய சுட்டாரு. குண்டு சரியா படல. தண்ணிக்குள்ளயே வளந்த மானாச்சே, ஆத்துல எறங்கி அக்கரைக்குப் போயிடுச்சு. ஆறுதான் எல்லை. அதுக்கப்புறம் துப்பாக்கியோட பின்னாலயே போகக் கூடாது. அந்த ஊரு வனத்துறைக்குச் சொல்லிட்டுக் காத்திருக்கணும். அவருக்குப் பொறுக்கல. ரத்தம் சிந்திட்டா அது அடிச்ச கணக்குதான், காசு கட்டியாகணும், கொம்ப விட்டுட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

தடம் பாக்கற லிக்காண்டோவையும் கூட்டிக்கிட்டு மத்தெங்குவோட படகுல போயிருக்காரு. நாணல் திட்டுல வெச்சு இன்னொரு குண்டு. போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. நீ தோலுரிச்சு தலைய எடுத்து வை, படகு திரும்பி வரும்னு சொல்லிட்டு அவரு மட்டும் இக்கரைக்கு வந்துட்டாரு. படகு திரும்பறதுக்குள்ள அந்த ஊரு ரோந்து வந்துடுச்சு. லிக்காண்டோ கத்தியோட செத்த மான் பக்கத்துல நிக்கறாரு.

இங்க வந்தவரு என்ன சொன்னாரு தெரியுமா? நான் அக்கரையில காலே வைக்கல, அவன் கறிக்கு ஆசப்பட்டுத் தானே போனான்னு. மத்தியானமே கெளம்பிட்டாரு. மத்தெங்குவுக்கும் பயம், தானும் எல்லை தாண்டினவருதானே. லிக்காண்டோ இன்னும் அக்கரை ஜெயில்ல இருக்காரு. விருந்தாளி ஒருத்தர் கூட இருந்தாருன்னு சொல்லிப் பாக்கறாரு. யாரும் நம்பல.

ஆமா சார், திருட்டு வேட்டக்காரங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல.

உங்க தொப்பியில என்ன, மோபானே மரத்து இலையா? காஞ்சு போச்சே. பரவால்ல, கழட்ட வேணாம். ஜெர்மன்காரங்க கொண்டாந்த பழக்கம், இங்க வேட்டைக்கு வர்றவங்க எல்லாருமே செய்வாங்க. ஒரு கொத்த ஒடிச்சு ரெண்டாக்கி, பாதிய செத்த மானு வாயில கடைசிச் சாப்பாடுன்னு வெப்பாங்க. பாதி சுட்டவரு தொப்பிக்கு. கறிக்குத் திருடறவன் யாராவது மானுக்குச் சாப்பாடு ஊட்டுவானா சார்?

ஏன் கேக்கறேன்னா, அக்கரை வனத்துறை எடுத்த போட்டோவ லிக்காண்டோவோட வக்கீல் எனக்குக் காட்டினாரு. மான் வாயில மோபானே இலைக்கொத்து. மேயறப்ப சுட்டிருப்பாங்கன்னு அவங்க விட்டுட்டாங்க. இந்தப் பழக்கம் அவங்களுக்குத் தெரியல. லீச்வே புல்லு மேயற சாதி. மோபானேய மோந்துகூடப் பாக்காது.

ஏன் எழுந்துட்டீங்க? டீ ஆறுது. வாசல் அந்தப் பக்கம்னு நான் காட்ட வேணாம், உங்களுக்கே தெரியும். ஆனா வக்கீல் பாலத்தத் தாண்டிட்டேன்னு இப்பதான் மெசேஜ் போட்டாரு. இதோ வந்துடுவாரு. திங்கக்கிழம அக்கரை கோர்ட்ல கேஸு. உங்க பயணத்துல மொத நாளா அதத்தான் போட்டிருக்கேன். வந்து உள்ளத சொன்னா போதும். தொப்பிய மட்டும் மாத்திடாதீங்க.

லிக்காண்டோ எங்க அப்பா சார்.

எதையும் ரெண்டு தடவ பாப்பேன்னு சொன்னேன்ல. வனத்துறை படகுலயே வக்கீலோட அந்தத் திட்டுக்குப் போனேன். ஒரு சுத்து சுத்திப் பாத்தேன். முழுக்க நாணல். மோபானே ஒரு செடிகூட இல்ல.