பதிமூணாவது மாசம்

தாம்பரத்தில் புறப்பட்ட மின்சார ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள், கழுத்தில் அலுவலக அட்டையோடு. "ரெண்டு பேருக்கும் நடுவுல உக்காந்து ஒட்டுக்கேட்டேன்டி," என்றாள் ஒருத்தி. அதற்கப்புறம் என் கையிலிருந்த புத்தகத்தில் ஒரு வரி ஓடுமா?

"எந்த ரெண்டு பேரு, ஃபாத்திமா?"

"எங்க ப்ரோக்ராமும் அமெரிக்கா சர்வரும்தான். நடுவுல ஒரு டூலை வெச்சு, போற மெசேஜ், வர்ற மெசேஜ் எல்லாத்தையும் படிச்சேன். பன்னெண்டாம் தேதி வரைக்கும் வாங்கிக்குது. பதிமூணு ஆனா திருப்பி அடிக்குது."

"ஏனாம்?"

"நாங்க தேதியை முதல்ல போட்டு அனுப்புறோம். அவன் அதை மாசம்னு படிக்கிறான். பதிமூணாவது மாசத்துக்கு அவன் எங்கடி போவான்?"

தோழி சத்தமாகச் சிரித்தாள். "இதைச் சரி பண்ணலைன்னா ப்ராஜெக்டோட உங்களையும் பெங்களூருக்கு மாத்திடுவோம்னாங்களே, அப்போ போகலையா?"

"போகலை! எங்க பக்கம் மாத்தி எழுதிட்டேன். முந்தாநாள்லேர்ந்து சூப்பரா ஓடுது. பெங்களூர்னா எங்க அத்தா வேலையையே விடச் சொல்லியிருப்பாரு."

"அவர்கிட்ட விஷயத்தைச் சொன்னியா?"

"சொன்னேன். ஒண்ணும் புரியலை. ஆனா கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும், அமெரிக்காக்காரனுக்குத் தேதி பார்க்கவே என் பொண்ணுதான் சொல்லிக்குடுத்தான்னு பேசிக்கிட்டு இருக்காரு."