பிரேபனின் முதுகில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி

எனக்குப் புகை வாடையே ஆகாது, சோல்வெய். உட்கார், காபி ஆறுகிறது. கல்யாணமான நாளிலிருந்து பிரேபனைத் தோட்டத்துக்கு விரட்டித்தான் சிகரெட் பிடிக்கவிட்டேன். மழையில் குடையோடு நின்று ஊதுவார். அப்பேர்ப்பட்ட நான்தான் இந்த ஒன்றரை வருஷமாக என் விரலால் அவர் வாயில் சிகரெட் வைத்தேன். ஊர் என்னைப் புண்ணியவதி என்கிறது. பாராட்டைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் எனக்கில்லை.

நடுக்கோடைத் திருவிழாவுக்குக் கடற்கரையில் நெருப்பு மூட்டிய மாலை, கடலில் குளிக்கும் மேடையிலிருந்து அவர் தலைகீழாகக் குதித்தார். அங்கே ஆழமில்லை. கழுத்து முறிந்து தண்டுவடம் நசுங்கியது. இதெல்லாம் உனக்குத் தெரியும். படகுச் சங்கத்துப் பென்டெ பார்க்கிறாள் என்பதற்காகக் குதித்தார் என்பது தெரியாது. மறுநாள் அவளோடு போவதற்குப் பெட்டி கட்டியிருந்தார். விஷயம் தெரியாமல் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் நான். அவ்வளவு சமர்த்து.

பிழைத்தார். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது, விரல்கள் வரவில்லை. வீட்டு உதவிக்கு வரும் நீங்களெல்லாம் புகையில் நிற்கக் கூடாது என்பது நகராட்சி விதி. நீங்கள் வருமுன் ஜன்னலைத் திறந்து காற்றோட வைக்க வேண்டும். ஆகவே சிகரெட்டைப் பிடித்துக்கொடுக்க நான் ஒருத்திதான். அந்த நேரங்களில் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு நான் ஏங்கிப் போயிருந்தேன்.

பிறகு கைக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் வந்தார். வேலை செய்யும் ஒரு தசையைக் கட்டைவிரலுக்கு மாற்றித் தைத்தால் எதையும் கிள்ளிப் பிடிக்க வருமாம்.

"ஆனா புகையை விட்டாகணும். அது ரத்தக்குழாயைச் சுருக்கிடும். அடிபட்ட உடம்புக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் போதல. தைச்சது ஒட்டாது, படுக்கைப் புண் வந்தா ஆறாது. சரி, விரல் வந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"டோவெக்கு ரொட்டியில வெண்ணெய் தடவிக் குடுப்பேன்."

நான் சிரித்தேன். ஆண்பிள்ளை பேச்சு. கட்டைவிரல் இருந்தால் போனையும் அழுத்தலாமே.

அவர் நிஜமாகவே விட்டார். ஆசையை அடக்கத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டை கொடுத்தார்கள். "முதுகில் ஒட்டுகிறேன்" என்றேன். அங்கே அவருக்கு உணர்ச்சி கிடையாது, கண்ணும் எட்டாது. சமையலறை அலமாரியிலிருந்த சாதாரணப் பிளாஸ்திரியை ஒட்டினேன். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் முதுகை நானே துடைத்துவிடுகிறேன் என்று உங்களிடம் சொன்னதும் அதனால்தான்.

மாலையானால் அவர் தவித்துப்போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டை என் வாயில் வைத்துப் பற்றவைப்பேன். முதலில் இருமி இருமி உயிரே போயிற்று. ஐம்பத்தெட்டு வயதில் கெட்டுப்போகப் பயிற்சி எடுத்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

"வேணாம்டி டோவெ. கஷ்டப்பட்டு விட்டிருக்கேன்."

"ஒண்ணே ஒண்ணு பிரேபன். யாருக்குத் தெரியப் போகுது?"

மூச்சில் புகையைக் கண்டுபிடிக்கும் மருத்துவரின் ஊதும் கருவிக்குத் தெரிந்தது. இரண்டு முறை அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். "நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதார். கண்ணீரைத் துடைத்துவிட்டேன். அவரால் துடைக்க முடியாதல்லவா?

படுக்கைப் புண் வந்தது, ஆறவில்லை, காய்ச்சலில் கொண்டுபோய் விட்டது. இன்று காலை ஆம்புலன்ஸ் வருமுன் நீ அவரைத் துடைத்தபோது பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டாய். ஆமாம், ஒட்டியது நான். தெரிந்துதான் ஒட்டினேன்.

பென்டெயா? ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை பூ கொண்டுவந்தாள். அவரால் வாங்க முடியவில்லை. அப்புறம் வரவேயில்லை. போன வசந்தத்தில் வேறொருவனோடு ஊரைவிட்டுப் போய்விட்டாள். அது பட்டை கொடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

சொல்ல வேண்டியவர்களிடம் சொல், நான் தடுக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸுகளிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடு: நான் இல்லாமல் அவரால் எதுவும் முடியாது.