நீவெஸுக்கு ஊற்றிய ஒயின்

சக்ராந்தினோ ஒயினை மீனோடு குடிக்கக் கூடாது. இரும்பைச் சப்பியது போல வாயெல்லாம் ஆகிவிடும். உங்கள் பேச்சில் கடற்கரை வாடை அடிக்கிறது, அதனால் சொல்கிறேன் ஐயா. எங்கள் மோன்தெஃபால்கோ மலையில் இதைக் கொழுத்த ஆட்டுக்கறியோடு குடிப்போம், காட்டுப்பன்றிக் குழம்போடு குடிப்போம். ஒன்றுமில்லாவிட்டால் நன்றாக முற்றிய செம்மறிப் பாலாடைக்கட்டி ஒரு துண்டாவது வேண்டும். அப்படியொரு துவர்ப்பு இந்த ஒயினுக்கு. கொழுப்பைக் கண்டால்தான் அடங்கும்.

என் மனைவி நீவெஸும் கடற்கரைக்காரிதான். அன்கோனாவில் மீன் விற்ற குடும்பம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் ஒயினை அவள் நாக்கில் வைத்ததில்லை. என் கையால் திராட்சைக் கொடியைக் கவாத்து செய்து, என் கையால் பறித்து, நானே பீப்பாயில் ஊறவைத்த ஒயின். வாங்க வருகிறவர்களை உட்காரவைத்து ஊற்றிக் கொடுப்பேன். பின்னால் வந்து நின்று சொல்வாள்: "பாத்துக் குடிங்க. நாக்குல கம்பளி சுத்துன மாதிரி இருக்கும். இவரு மூஞ்சி எப்படியோ அப்படித்தான் இவரு ஒயினும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

"ஒரு வாய் குடிச்சுட்டுத்தான் சொல்லேன்" என்பேன்.

"எனக்குத் தண்ணியே போதும்ப்பா, ஆள விடு."

அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

போன வருஷம் திராட்சை பறிக்கிற வாரத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போன மாதிரிதான். தொண்டை வேலை செய்யவில்லை, தண்ணீரைக்கூட மாவு கலந்து கூழாக்கித்தான் கொடுக்க வேண்டும், மெல்லுகிற எதையும் கொடுக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். அப்படியே செய்தேன். குளிப்பாட்டினேன், தலைவாரிவிட்டேன், கரண்டி கரண்டியாகக் கூழ் ஊட்டினேன். குளிர்காலம் முடிவதற்குள் ஆள் பாதியாகிவிட்டாள். கட்டினவள் கண்ணெதிரே கரைந்துபோக, கையைப் பிசைந்துகொண்டு நிற்கத்தான் முடிந்தது. கேட்க ஆளில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஆட்டுத்தொடையில் பூண்டும் ரோஸ்மேரியும் தடவிக்கொண்டிருந்தேன். நீவெஸின் தங்கை இவானா பார்க்க வந்திருந்தாள்.

"யாருக்கு இவ்ளோ பெரிய தொடை?"

"பண்டிகையாச்சே."

"எர்மெதே, அவ கண்ணு முன்னால வெச்சுத் தின்னாத. பாவம், ஏங்கிப் போயிருவா."

அவள் போன பிறகும் அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டேயிருந்தது. ஏங்கிப்போவாள் என்றால் ஆசை இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கூடப் பிறந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

மறுநாள் மேசைக்கு வெள்ளை விரிப்புப் போட்டேன். நீவெஸை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தேன். இருப்பதிலேயே நல்ல வருஷத்துப் பாட்டிலைக் காலையிலேயே திறந்து காற்றாட வைத்திருந்தேன். கிளாசைப் பக்கத்தில் கொண்டுபோனதும் உதட்டை இறுக்கிக்கொண்டாள். அதில் வியப்பில்லை. முதல் மிடறுக்கு எல்லார் வாயும் அப்படித்தான் இறுகும், துவர்ப்பின் குணம் அது. அவளுக்கு வாசனையிலேயே இறுகிவிட்டது. இடது கையால் கிளாசைத் தட்டிவிட்டாள். விரிப்பெல்லாம் கறை. மறுபடி சிந்தக் கூடாதே என்று அந்தக் கையை நாப்கினால் நாற்காலியோடு கட்டினேன். இறுக்கிக் கட்டவில்லை. பிறகு தாடையைப் பிடித்து ஊற்றினேன்.

இருமினாள். கொழுப்பு சேர்ந்தால் சரியாகிவிடும் என்று ஓரத்தில் கொழுப்புள்ள துண்டாகப் பார்த்து வாயில் வைத்தேன். அது இறங்குவதற்கு இன்னும் கொஞ்சம் ஒயின். முகம் சிவந்தது, பிறகு நீலமானது. அவள் கண்ணில் நீர் வழிந்தது. எனக்கும் வழிந்தது. இத்தனை வருஷம் கழித்து என் ஒயின் அவள் வாய்க்குள் இருந்தது, பாருங்கள்.

போன் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. விழுங்கிவிடுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அசைவு நின்ற பிறகு கட்டை அவிழ்த்தேன், வாயைத் துடைத்துவிட்டேன். ஆட்டுக்கறி ஆறிவிட்டால் கொழுப்பு நெய்யாக உறைந்துவிடும். என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் இவானாவுக்குச் சொன்னேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். பக்கத்து வீட்டார் அவள் குரல் கேட்டதாகச் சொல்வதும் உண்மைதான். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரே ஒரு சொல்தான் அவளிடம் மிஞ்சியிருந்தது. அன்றைக்கும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். "வேண்டாம்" என்று. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்திருப்பவள், வேண்டும் என்பதை வேறு எப்படிச் சொல்வாள் ஐயா?