அன்றைய காற்றை அன்றே சொன்னவருக்கு

கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குக் கண் துஞ்சாமல் காவல் நின்றவரே, கருவி சொன்னதைக் கலப்பின்றிக் கூறியவரே, அணுமின் நிலையத்தின் வானிலைப் பிரிவை இத்தனை ஆண்டுகள் தாங்கி நின்ற தலைவி அவர்களே, இளையவர்கள் வாய்நிறையக் 'காத்தக்கா' என்று அழைக்கும் எங்கள் அன்புக்குரியவரே, வணக்கம்.

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் புகழை முகத்துக்கு நேரே சொன்னால் தாங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கோபுரத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரணமும் தயாராக இருக்கும். ஆகவே தங்களை அமர வைத்துவிட்டு, இந்த அவைக்குச் சொல்வதாக வைத்துக்கொண்டு, 'அவர்' என்றே சொல்லிப் போகிறோம். பொறுத்தருள வேண்டும்.

அவையோரே, கடலோரம் நிற்கும் நம் இரும்புக் கோபுரத்தை எல்லோரும் அறிவீர்கள். அதன் இடுப்பிலும் உச்சியிலும் காற்றின் வேகத்துக்குச் சுழலும் கிண்ணங்களையும் திசைக்குத் திரும்பும் முள்ளையும் பார்த்திருப்பீர்கள். உலையிலிருந்து ஏதேனும் கசிந்தால் அது எந்தத் திசையில் போகும், யார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும், யார் எந்தச் சாலையில் கிளம்ப வேண்டும் என்பதை அந்த முள்தான் சொல்லும். அப்படி ஒரு நாள் வராமலிருக்க உழைப்பவர்கள் நாம் அனைவரும். அது வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பொறியாளர் ஒருவர் சன்னல் வழியே பார்த்துவிட்டு, "இன்னிக்கு இலைகூட ஆடலக்கா, உங்களுக்கு நிம்மதிதான்" என்றார்.

"நிம்மதியா? புயல்னா எதையும் தூக்கியடிச்சுக் கலைச்சிடும்ப்பா. காத்து இப்படிச் செத்துக் கெடந்தா, கெளம்புனது கலையாம தரையோட தரையா ஊர்ந்து வரும். எனக்கு இதுதான் பயம்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அந்தப் பொறியாளர் மின்விசிறியை நிறுத்தவே விடுவதில்லை என்று கேன்டீனில் கேலி உண்டு. ஆனால் அசையாத மரங்களை அதன்பின் நாங்கள் யாருமே சாதாரணமாகப் பார்த்ததில்லை.

இனி, மக்களை வெளியேற்றிப் பார்த்த அந்த அவசரகால ஒத்திகைக்கு வருகிறோம். அதைச் சொல்லாமல் இந்த மடலை முடித்தால் அவருக்குப் பாதி மரியாதைதான் செய்தவர்களாவோம்.

நம் நிலையத்துக்கு ஒரு மானம் உண்டு. ஷிப்டுக்கு ஷிப்டு ஆயிரம் சண்டை போட்டாலும் வெளியார் முன் ஒரே முகமாக நிற்பவர்கள் நாம். அன்று ஒத்திகையைப் பார்வையிட வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வந்திருந்தார்கள். நடத்தியவர் நம் முன்னாள் இயக்குநர், நம் காத்தக்காவுடைய கணவரின் உடன்பிறந்த அண்ணன். தொட்ட காரியம் எதிலும் குறை என்று பெயர் வாங்காதவர். அப்போது அவர் ஓய்வு பெற ஒரு மாதம்கூட இல்லை. அந்தப் பெயரைக் குடும்பமே நகையைப் போலப் பொத்தி வைத்திருந்தது.

ஒத்திகைகளைக் காலையிலேயே முடித்துவிடுவது அன்றைய வழக்கம். அப்போது காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். கசிவு கடலுக்குப் போய்விடும், மக்களை மேற்கே விளையாட்டு மைதானத்தில் கூட்டிப் பஸ் ஏற்றலாம் என்று தாளில் முன்கூட்டியே எழுதியிருக்கும். அன்று விருந்தினர்களின் கார் தாமதமாக வந்தது. தேநீரும் நீண்டது. காற்று யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அவசரநிலை அறையில் இயக்குநர் மைக்கை எடுத்து, "காற்று?" என்று கேட்டார்.

காத்தக்கா படிக்க வேண்டியது தாளில் இருந்த ஒரே ஒரு வரி. அவரோ தாளை விட்டுத் திரையைப் பார்த்தார்.

"காத்து திரும்பிடுச்சு சார். கடல்லேருந்து உள்ள வருது. நாம ஆளுங்களக் கூட்டி வெச்சிருக்கிற மைதானத்துக்கு நேரா."

பக்கத்திலிருந்த திட்ட அதிகாரி குனிந்து, "மேடம், ஒத்திகைதானே, தாள்ல இருக்கிறதப் படிச்சிடுங்க. வெளியாளுங்க உக்காந்திருக்காங்க" என்று கிசுகிசுத்தார்.

"தாள்ல இருக்கிறது காலைல அடிச்ச காத்து. சார் கேட்டது இப்ப அடிக்கிறத."

அலுவலகத்தில் அவரை 'மேடம்' என்றே அழைக்கும் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாப் பாத்துட்டியாம்மா?"

"கோபுரத்துல ரெண்டு மட்டத்துலயும் பாத்துட்டேன் சார்."

அந்த அறையில் இருந்த ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு இயக்குநர் சொன்னார்: "பஸ்ஸையெல்லாம் வடக்கு ரோட்டுக்குத் திருப்புங்க."

வடக்குச் சாலையில் கால்வாய்ப் பாலத்துக்குக் குறுக்கே இரும்புக் கதவு. அதில் துருப்பிடித்த பூட்டு. வெயிலில் பஸ்கள் வரிசையாக நின்றன.

"சாவி யார்கிட்டய்யா இருக்கு?" என்று கத்தினார் முதல் பஸ் ஓட்டுநர்.

"பூட்டுனவரே ரிட்டயராயிட்டாருண்ணே" என்றார் காவலாளி.

நாம் தேறவில்லை. ஆய்வாளர்கள் அப்படியே எழுதிவிட்டுப் போனார்கள். வீட்டு விஷயத்தை வெளியாள் முன் போட்டு உடைத்துவிட்டார் என்று நம்மில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே வீட்டில் இருந்த காலம் அது; அன்று இரவு இயக்குநர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டாராம். சமையலறையில் ஓரகத்தி, அதாவது இயக்குநரின் மனைவி, காத்தக்காவைப் பிடித்துக்கொண்டார்: "ஒரே ஒரு வரிதானேடி. படிச்சிருந்தா உன் வாய் வெந்தா போயிருக்கும்?"

"வெந்திருக்காதுக்கா. ஆனா அதே வாய்தானே நிஜமா நடக்கிற அன்னிக்கும் சொல்லணும்? பொய் சொல்லிப் பழகின வாயிக்கு அன்னிக்கு மட்டும் நிஜம் வந்துடுமா?"

இதை எங்களுக்குச் சொன்னவரே அந்த ஓரகத்திதான். கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்த தன் கணவர் எழுந்துபோய்த் தெருவாசலில் நெடுநேரம் நின்றார் என்றும் சொன்னார்.

மறுநாள் காலை இயக்குநர் நேரே கால்வாய்ப் பாலத்துக்குப் போனார். மீதமிருந்த பணி நாட்களில் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். கதவு போயிற்று, பாலம் அகலமாயிற்று. ஒத்திகைத் தாளில் காற்றுக்குரிய இடம் வெற்றாகவே விடப்பட வேண்டும் என்பது அவர் கையெழுத்திட்ட கடைசி ஆணை. இன்று எந்தத் திசையில் காற்று அடித்தாலும் நம் மக்கள் வெளியேற ஒரு சாலை திறந்திருக்கிறது. வெளியார் முன் தலைகுனிந்தோம் என்று நாம் நினைத்த நாளில்தான் நம் நிலையத்தின் மானம் காப்பாற்றப்பட்டது. அதைக் காப்பாற்றியவர் இதோ, முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறார்.

அம்மையீர், மீண்டும் தங்களிடமே வருகிறோம். உடல் நலமும் உள்ள நிறைவும் குறையாமல், உற்றார் சூழ நெடுங்காலம் வாழ்ந்திருங்கள். இனிமேலாவது, வீசும் காற்று எங்கே போகிறது என்று கேட்காமல் வாசலில் அமர்ந்து அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

இம்மடலைத் தங்கள் கையில் தர யாரை அழைப்பது என்று யோசித்து, தங்கள் பெரியத்தானான அந்த இயக்குநரின் வீட்டுக்குப் போனோம். நடக்கச் சிரமப்படுகிறார், எங்கும் போவதில்லை. அதுவரை எழுதியிருந்ததை நீட்டினோம்; வாங்கிப் பார்க்காமலே ஒன்று கேட்டார்.

"நாம தோத்தது இதுல எழுதியிருக்கா?"

தயங்கித் தயங்கி, "எழுதியிருக்குங்கய்யா" என்றோம்.

"அப்பச் சரி. வண்டி அனுப்புங்க, வர்றேன்."

இதோ, மேடையேறி வருகிறார். எழுந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத
வானிலைப் பிரிவினரும் நிலையத்தின் அனைத்துப் பணியாளர்களும்