‘எதிர்ப்பு எவருக்கும் இல்லை’

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அத்தான் அவர்களே, கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே, தோழியரே!

நிழலுக்கு வரி கேட்ட நகராட்சிக்காரர்கள், இன்று நம் அக்காவின் குரலையே இல்லை என்கிறார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், நம் சங்கச் செயலாளர், நமக்கெல்லாம் ‘பொடியெழுத்து அக்கா’. எந்த அறிவிப்பு வந்தாலும், அடியில் எறும்பு ஊர்வதுபோல் அச்சான எழுத்தைத்தான் முதலில் படிப்பார். “அடிவரியப் படிச்சாத்தான்டா நம்மள அடிக்கிற வரி தெரியும்” என்பார். ஈராண்டுக்கு மட்டும் என்று வந்த தெருவிளக்குத் தீர்வையைப் பதினோராண்டாகக் கட்டுகிறோம் என்று கண்டுபிடித்தவர் யார்? குப்பைக் கட்டணத்தில் ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இன்னொரு கட்டணம் ஒளிந்திருந்தபோது, “பிறன்னா என்ன சார், பிறந்ததுக்கா?” என்று கேட்டு அலுவலரையே சிரிக்கவைத்து, அதை நீக்கவும் வைத்தவர் யார்?

கடைமுன் நாம் இறக்கியிருக்கும் நிழற்கூரைக்குப் புதுவரி. கருத்துக் கேட்கும் கூட்டம் கடந்த செவ்வாயன்று நடந்தது. எழுதிவைத்த மனுவோடு அக்கா எழுந்தார்.

“இது எப்ப முடியும் சார்?”

“அம்மா, இது வரியே இல்ல. தற்காலிகப் பங்களிப்பு.”

“தற்காலிகம்னா முடியற தேதியப் போடுங்க. பால் பாக்கெட்லயே போடுறாங்க.”

“உட்காருங்கம்மா, பாக்கலாம்.”

அமர்ந்தார். தலை கவிழ்ந்தது. அடுத்த தாளைத் தேடுகிறார் என்றே நினைத்தோம். பக்கத்திலிருந்த தையற்காரர், “விடாதக்கா, கேளு” என்று தோளைத் தொட்டார். தொட்ட தோள் அப்படியே சரிந்தது. நாற்பத்தொன்பது வயது! நோயென்று ஒருநாள் கடையை மூடியதில்லை. மூன்று நாளாகியும் என் நெஞ்சு நம்ப மறுக்கிறது.

அந்த அதிர்ச்சி ஆறுமுன், இன்று காலை கூட்டக் குறிப்பு வந்தது. படிக்கிறேன், கேளுங்கள்: “பங்களிப்பின் நோக்கம் விளக்கப்பட்டது. எதிர்ப்பு எவருக்கும் இல்லை.”

அலுவலகம் சென்று கேட்டேன். “அந்தம்மா மனுவக் கையில குடுக்கலயே சார். மத்தவங்களும் யாரும் பேசலயே” என்றார்கள். உண்மை, நாம் பேசவில்லை. உடலைத் தூக்கிக்கொண்டிருந்தோம்! அந்த மனு அவர் மடியில் கிடந்தது.

வரியே வேண்டாம் என்றவரா அக்கா? சாலைக்கும் மருத்துவமனைக்கும் மனமுவந்து கட்டியவர். வரியை வரி என்று சொல், எதற்கென்று சொல், என்று முடியும் என்று சொல், இவ்வளவே கேட்டார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்து ஒரு நிமிட மௌனம் என்றிருக்கிறது. தலைவர் பொறுத்தருள வேண்டும். நான் அதற்கு நிற்கமாட்டேன். நம் மௌனத்தை இசைவென்று எழுதுகிறவர்கள் நான்கு தெரு தள்ளி அமர்ந்திருக்கிறார்கள். மறுப்புத் தெரிவிக்க இன்று மாலை ஐந்து மணி கடைசி. இப்போது மூன்றரை. அக்காவின் மனு அத்தான் கையில் இருக்கிறது. அதன்கீழ் ஒவ்வொருவரும் கையெழுத்திடுங்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தரும்வரை அந்த அலுவலக மேசையை விட்டு நகராதீர்கள். அத்தான், நீங்கள் முன்னே நடங்கள். எழுந்திருங்கள் தோழர்களே, இப்போதே!